கோழிக்குப் பயம், பொட்டலத்துக்குப் பக்தி

போன வாரம் ஜவளகிரி பஸ் ஸ்டாப் டீக்கடையில் எனக்கும் ஒரு பழைய நண்பருக்கும் வாக்குவாதம் ஆகிவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். அவர் வீட்டு மாட்டுக்கு நான் எத்தனை முறை ஊசி போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அவருடைய பேத்தி பதினொரு வயதில் பெரியவளாகிவிட்டாளாம். அன்றிலிருந்து வீட்டில் கோழியும் கிடையாது, முட்டையும் கிடையாது. "எல்லாம் பிராய்லர் கோழி பண்ற வேலை சார். ஹார்மோன் ஊசி போட்டே வளக்கறானுங்க. அதைத் தின்னா பொம்பளப் பசங்க என்னத்துக்கு ஆவாங்க?" என்றார். சுற்றி இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பழுப்பு நிறத் தூள். நாக்கில் தட்டிக்கொண்டு டீயை ஒரு மடக்கு குடித்தார். என்ன அது என்று கேட்டேன். "முட்டி வலிக்கு சார். மூலிகை. மூணே நாள்ல கேட்டுச்சு. நீங்களும் வாங்கிப் பாருங்க" என்றார்.

அதில் என்ன இருக்கிறது என்றேன். தெரியாது என்றார். யார் செய்தது என்றேன். தெரியாது. பொட்டலத்தில் பேரோ தேதியோ உண்டா என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கோழியில் இல்லாத ஹார்மோனுக்குப் பயந்து பேத்தியின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத தூளைப் பிரசாதம் போல நாக்கில் போட்டுக்கொள்கிறோம். இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணம் என் அக்கா. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஹார்மோன் என்றால் என்ன என்று பார்ப்போம். நான் டாக்டர் இல்லை. கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து 2009-இல் ஓய்வு பெற்றவன். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று இந்தப் பக்கம்தான் சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் வண்டியிலும் சுற்றினேன். எனக்கு ஹார்மோனைச் சொல்லிக்கொடுத்தது மாட்டுத் தொழுவம்.

பால் கறக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கன்றுக்குட்டி முட்டினால்தான் மாடு பாலை இறக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடக்கிறது? கன்று காம்பைச் சப்புகிறது. சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பி ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தோடு அது உடம்பெல்லாம் சுற்றினாலும், மடிக்கு வந்ததும் அங்குள்ள பால் பைகளைச் சுற்றியிருக்கும் தசைகள் இறுகுகின்றன. பால் இறங்குகிறது.

ஹார்மோன் என்பது இதுதான். ஒரு சுரப்பி ரத்தத்தில் விடுகிற சேதி. மாரியம்மன் கோயில் மைக்செட்டில் "பூசாரி உடனே வரவும்" என்று சொன்னால் ஊருக்கே கேட்கிறது, பூசாரி மட்டும்தான் எழுந்து போகிறார். அது போல எந்த உறுப்பில் அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறதோ அது மட்டும் வேலை செய்யும். எச்சில் சுரப்பிக்குக் குழாய் உண்டு. பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரீனல் போன்றவற்றுக்குக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக ரத்தத்தில் விடும். அதனால்தான் பள்ளிப் புத்தகத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று படித்தோம். 1905-இல் ஸ்டார்லிங் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி இந்தச் சேதிப் பொருள்களுக்கு ஹார்மோன் என்று பேர் வைத்தார். கிரேக்க மொழியில் தூண்டிவிடுவது என்று பொருள்.

ஹார்மோன்களில் இரண்டு ஜாதி உண்டு. என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன், ஆக்ஸிடோசின் எல்லாம் புரத வகை. வாயில் போட்டால் பருப்பும் முட்டையும் ஜீரணமாவது போலவே ஜீரணமாகிவிடும். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் குடிக்காமல் குத்திக்கொள்வது அதனால்தான். இன்னொரு வகை ஸ்டீராய்டு. கொழுப்பிலிருந்து உடம்பு செய்துகொள்வது. அளவில் சின்னது, வயிற்றில் அழியாது. மாத்திரையாகவோ தூளாகவோ விழுங்கினால் அப்படியே ரத்தத்துக்குப் போய் வேலை செய்யும்.

இப்போது கோழிக்கு வருவோம். வளர்ச்சி ஹார்மோன் புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே ஜீரணமாகிவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஐயாயிரம் கோழி உள்ள ஷெட்டில் யார் தினமும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது? அந்த ஊசியின் விலைக்குக் கோழியைத் தங்கத்தின் விலையில் விற்றாலும் கட்டாது. ஷெட்டில் ஊசி பிடிக்கிறார்களே என்பீர்கள். அது வெள்ளைக்கழிச்சல் மாதிரியான நோய்களுக்குத் தடுப்பூசி.

அப்படியென்றால் நாற்பது கிராம் குஞ்சு நாற்பதே நாளில் இரண்டு கிலோ எப்படி ஆகிறது? இனத்தேர்வுதான் காரணம். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 1957-ஆம் வருஷத்துக் கோழி இனத்தைக் கலப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதையும் 2005-ஆம் வருஷத்து இனத்தையும் ஒரே தீவனம் போட்டு 56 நாள் வளர்த்தார்கள். பழையது 905 கிராம். புதியது 4,202 கிராம். தீவனம் ஒன்றே, வித்தியாசம் வம்சத்தில். ராகியிலும் நெல்லிலும் நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தோமே, அதையேதான் கோழியில் ஐம்பது வருஷம் விடாமல் செய்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மத்திகிரிக்குப் போங்கள். 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை அங்கே இருக்கிறது, கோழியினக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளையே கேளுங்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைச் சின்ன வில்லையாகக் கோழியின் கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். 1959-இல் அதைக் கோழிக்குத் தடை செய்துவிட்டார்கள். அந்தச் செய்தியின் வால்தான் இன்னும் நம் டீக்கடையில் ஆடிக்கொண்டிருக்கிறது. கோழியில் கவலைப்பட வேண்டியது வேறு இருக்கிறது, ஆன்டிபயாடிக். மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைப் பண்ணைகளில் வளர்ச்சிக்காகக் கொடுத்தார்கள். 2019-இல் ஒன்றிய அரசு தடை செய்தது. அதைப் பற்றி டீக்கடையில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

பெண் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவளாவது? ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அந்த வயது இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அப்போது பிராய்லர் கோழி எங்கே இருந்தது? சாப்பாடும் உடம்பும் தேறினால் மூளை "இவள் தயார்" என்று கணக்குப் போடுகிறது, அதன் பேரில் பிட்யூட்டரி சினைப்பைக்குச் சேதி அனுப்புகிறது. நம் பாட்டிகள் பதினைந்து பதினாறில் வயதுக்கு வந்ததற்கு அரைவயிற்றுக் களியும் ஒரு காரணம். எட்டு வயதுக்கு முன்னால் மாற்றம் தெரிந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். பதினொரு வயது வியாதி இல்லை. மாதாமாதம் ரத்தம் போகத் தொடங்குகிற நேரத்தில் அவள் தட்டிலிருந்து முட்டையை எடுப்பதுதான் தப்பு. சோகை பிடித்த பிள்ளைகளை இந்தப் பக்கத்து ஊர்களில் நான் பார்க்காததா?

ஆக்ஸிடோசின் விஷயத்திலும் இதே கூத்து நடந்தது. மாட்டுக்கு ஊசி போட்டுப் பால் கறக்கிறார்கள் என்று நாடெல்லாம் புகார். அது மாட்டுக்குச் செய்யும் கொடுமை, நானே பலரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் அரசாங்கம் 2018-இல் என்ன செய்தது? தனியார் யாரும் ஆக்ஸிடோசின் தயாரிக்கக் கூடாது, பெங்களூரில் இருக்கும் ஒரே ஒரு அரசு நிறுவனம்தான் நாடு முழுவதற்கும் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போகும் தாயைக் காப்பாற்ற முதலில் போடும் மருந்தே அதுதான். அந்த ஒரு நிறுவனத்தில் மெஷின் நின்றால் தாய்மார்கள் கதி? அந்த வருஷம் டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பயம் தப்பான இடத்தில் உட்கார்ந்தால் உயிருக்கே வினை.

இனி என் அக்கா கதை.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஜவளகிரிக் காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் ராகி. கார்த்திகை மாதம் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும்போது மச்சான் பரண் மேல் காவல் இருப்பார், அக்கா கீழே இருந்து தகரம் தட்டுவார். அப்படி உழைத்த உடம்பு. அறுபத்தெட்டு வயதில் இரண்டு முட்டியும் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

எல்லைக்கு அப்பால் ஒருவர் பொட்டலம் கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். (எல்லைக்கு இந்தப் பக்கமும் இப்படிப்பட்டவர்கள் ஏராளம்.) வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது நாள் எழுந்து கொல்லைக்குப் போய் ராகி அறுத்தார். ஊரே அதிசயமாகப் பேசியது. நானும் சந்தோஷப்பட்டேன்.

இங்கேதான் என் குற்றம் இருக்கிறது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நான் என் கையாலேயே மாடுகளுக்குப் போட்டவன். படுத்த மாடு எழுந்து நிற்கும். தீனி தின்னும். "நிறைசினை மாட்டுக்கு இதைப் போடாதே, கன்று வெளியே வந்துவிடும்" என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு வலுவான மருந்து. மூன்று நாளில் முட்டி வலியைப் பறக்கவிடும் மூலிகை எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் கேட்கவில்லை. அக்கா நடக்கிறாரே, அது போதும் என்று இருந்தேன். இரண்டு முறை என் வண்டியிலேயே உட்கார வைத்து அழைத்துப் போய்ப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்தில் அக்காவின் முகம் நிலா மாதிரி உருண்டது. "அக்கா சதை போட்டு நல்லா இருக்காங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். கையும் காலும் மட்டும் மெலிந்துகொண்டே வந்தன. தோல் வெங்காயச் சருகு போல ஆனது, லேசாக இடித்தாலும் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியது. சர்க்கரையும் வந்து சேர்ந்தது. வயசானால் வருவதுதானே என்றோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மாநில எல்லையை மூடினார்கள். பொட்டலம் நின்றது. கைவசம் இருந்ததும் தீர்ந்த சில நாளில் அக்காவுக்கு வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். ஒரு காலை கூப்பிட்டால் பதிலே இல்லை. ஆம்புலன்ஸில் ஓசூர் கொண்டு போனோம். ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில், உப்புச் சத்தும் குறைந்திருந்தது. பணியில் இருந்த பெண் டாக்டர் சின்ன வயது. அக்காவின் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். மருமகன் உடனே, "இல்லை மேடம், மருந்தெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பொட்டலத்தை யாரும் மருந்து என்றே நினைக்கவில்லை.

நான் சொன்னேன். சொல்லும்போது தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயந்திரம் அக்கா கண் திறந்து என்னைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றார். அக்காவின் ரத்தத்தில் கார்டிசால் தரைதட்டிக் கிடந்தது என்று டாக்டர் சொன்னார்.

ஏன் அப்படி ஆனது? ஊர் ஓவர்ஹெட் டேங்கை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் ஆபரேட்டர் மோட்டார் போடுவார், நிறைந்தால் நிறுத்துவார். உடம்பில் ஆபரேட்டர் பிட்யூட்டரி. மோட்டார், இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல். தண்ணீர்தான் கார்டிசால். அது இல்லாமல் ரத்த அழுத்தம் நிற்காது, காய்ச்சலையோ பட்டினியையோ உடம்பு தாங்காது. இப்போது தினமும் வெளியிலிருந்து லாரித் தண்ணீர் கொண்டு வந்து டேங்கை நிரப்பினால்? டேங்க் நிறைந்திருக்கிறதே என்று ஆபரேட்டர் மோட்டாரைத் தொடவே மாட்டார். மாதங்கள், வருஷங்கள் ஓடினால் மோட்டார் துருப்பிடித்துப் போகும். திடீரென்று லாரி வராமல் நின்றால் டேங்கும் காலி, மோட்டாரும் ஓடாது. என் அக்காவுக்கு நடந்தது இதுதான்.

உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சமம். டெக்ஸாமெதசோன் என்றால் முக்கால் மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகைத் தூளில் அதை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கலாம்.

நான் ஸ்டீராய்டுக்கு எதிரி இல்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் கொடுத்தார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் அதற்காக மூன்று பேருக்கு நோபல் பரிசே கிடைத்தது. ஆஸ்துமாவில் மூச்சுத் திணறுகிறவரை அது காப்பாற்றுகிறது. கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகள் சாவதை டெக்ஸாமெதசோன் குறைத்தது. அதே மருந்தைக் கணக்கில்லாமல் கொடுத்ததும், சர்க்கரை ஏறியதும் சேர்ந்து 2021-இல் கருப்புப் பூஞ்சை எத்தனை பேருடைய கண்ணைப் பறித்தது என்பதையும் பார்த்தோம். அளவும் காலமும் தெரிந்தவர் கையில் மருந்து. பேரை மறைத்து மூலிகை என்று விற்பவன் கையில் அது மோசடி. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

"உங்களுக்கென்ன சார், பென்ஷன் வாங்கறீங்க. எங்க வலி உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பொட்டலக்காரர் அக்காவை உட்கார வைத்து, முட்டியைத் தொட்டுப் பார்த்து, "எத்தனை பிள்ளைங்க அம்மா?" என்று விசாரித்தார். ஆஸ்பத்திரி வரிசையில் அந்த அரை நிமிஷம் கிடைப்பதில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. முட்டிக்கு அதைக் கேளுங்கள். வரவில்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கோழியைத் திட்டும் குரலில் பாதி போதும்.

பேரில்லாத மருந்து வேண்டாம். மூன்று நாளில் அதிசயம் நடந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பொட்டலம், லேகியம், எண்ணெய் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். இதைப் படித்துவிட்டுப் பயந்து, பல நாளாகச் சாப்பிடும் பொட்டலத்தை இன்றைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். என் அக்கா கீழே விழுந்தது அது நின்றபோதுதான். பொட்டலத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். துருப்பிடித்த மோட்டாரை மெல்ல மெல்லத்தான் ஓட வைக்க முடியும். அக்காவுக்கு மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முழுதாக நிறுத்த ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எலும்பு பொறுக்கிப் போய், குளியலறையில் வழுக்கியதில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணை வரைக்கும் வருகிறார். கொல்லையைப் பார்த்து நாலு வருஷமாகிறது.

டீக்கடை நண்பர் என் எழுத்தை எல்லாம் தன் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இதையும் கேட்பார், திட்டுவார். திட்டட்டும். அண்ணா, திங்கட்கிழமை காலையில் நான் தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து நில்லுங்கள். வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். பேத்திக்கு இன்றைக்கே ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள்.